சேர்த்துச் சொன்ன ஒரு சொல்

2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஐரோப்பிய ஆணையம் ஒரு குறும்படத்தை வெளியிட்டது. ஒரு நிமிடத்திற்கும் குறைவாக ஓடும் படம். 13 வயது முதல் 18 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளை விஞ்ஞானக் கல்வியின்பால் ஈர்க்க வேண்டும் என்பது அதனை எடுத்தவர்களின் நோக்கம். ‘விஞ்ஞானம்: இது பெண்பிள்ளைகளின் காரியம்’ என்று பொருள்படும் தலைப்பு. ஆங்கிலத்தில் விஞ்ஞானத்தைக் குறிக்கும் சொல்லின் நடுவே வரும் ‘ஐ’ என்னும் எழுத்துக்குப் பதிலாக உதட்டுச் சாயக் குச்சி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். படத்தைப் பாராதவர்க்கும் அந்த ஒரு குச்சியே அதன் உள்ளடக்கத்தை ஒருவாறு சொல்லிவிடும்.

உயர்ந்த குதிகால் செருப்பணிந்த மூன்று இளம்பெண்கள் மேடையில் நடப்பதுபோல் நடந்து வருகிறார்கள். வெண்ணிற மேலங்கி தரித்த ஓர் இளைஞர் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து ஏதோ ஆராய்ந்துகொண்டிருக்கிறார். அவர் தலை நிமிர்ந்து பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். பின்னர் உதட்டுச் சாயம், முகப் பொடி, நகப் பூச்சு, இவற்றுக்கிடையே சில கண்ணாடிக் குடுவைகள், இளம்பெண்களின் சிரிப்பு, காதைத் துளைக்கும் இசை. இவ்வளவுதான் படம்.

இத்தகைய படத்தைக் குறித்து நம்மைப் போன்றவர்கள் பேனா எடுத்தால் உடையைப் பற்றித்தான் எழுதுவார்கள் என்று வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடும். அதனை நாம் எழுதப்போவதில்லை. உடையைப் பற்றி நம் கருத்து யாவர்க்கும் தெரிந்ததே. அன்றியும், அப்படத்தைக் கண்டித்து முதலில் குரல் எழுப்பியவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வுக் கூடங்களில் பணிபுரியும் பெண்களேயாவர். அவர்களுடைய உடை பலவிதம், குற்றச்சாட்டு ஒன்றே. அந்தக் குற்றச்சாட்டைத்தான் நாம் இங்கே எடை போட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். உதட்டுச் சாயம் விஞ்ஞானத்திற்குப் புறம்பானது என்று சொல்வது அறியாமை. மெழுகும் எண்ணெயும் நிறப்பொடியும் எந்த அளவில் சேர்ந்தால் குச்சியாக நிற்கும், எந்தச் சூட்டில் இளகும், உதட்டில் பட்டதும் ஏன் ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் இரசாயனத்தின் அருமையான கேள்விகள். அல்கிந்தீ அத்தர்களையும் வாலைவடித்தலையும் பற்றித் தனி நூல் செய்தார். குர்துபா நகரத்து மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, தமது ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலில் ஒரு பகுதியையே ஒப்பனைப் பொருள்களுக்கு ஒதுக்கினார். பெண்களை இரசாயனத்தின் பக்கம் இழுப்பதற்காக அவர்கள் இவற்றை எழுதினார்கள் என்று எவரும் சொன்னதில்லை. பொருள் ஆய்வுக்குரியதாக இருந்தது, ஆய்ந்தார்கள், எழுதினார்கள்.

ஆகவே படத்தின் குற்றம் அதில் உதட்டுச் சாயம் இருந்தது அன்று. அந்தச் சாயத்தை நோக்கி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதே குற்றம். பொடி சிதறுகிறது, ஏன் அப்படிச் சிதறியது என்று கேட்பார் இல்லை. குடுவையில் ஏதோ கொப்பளிக்கிறது. அது யாதென்று சொல்வார் இல்லை. ஒருத்தி தவறு செய்து திருத்திக்கொள்வதில்லை, ஒருத்தி வியப்பதுமில்லை. விஞ்ஞானத்தைக் காட்டுகிறோம் என்று சொல்லி எடுத்த படத்தில் உருப்பெருக்கியின் முன்னால் உட்கார்ந்து உண்மையிலேயே வேலை செய்பவராகக் காட்டப்படும் மனிதர் ஒரே ஒருவர், அவரும் ஆண். ஒட்டுமொத்தப் படத்தையும் இந்த ஒரு காட்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவருடைய பார்வைக்கு உரியவர்களாகவே அம்மூன்று பெண்களும் நிற்கிறார்கள்.

எதிர்ப்பு பெருகியதால் சில நாள்களுக்குள்ளாகவே ஆணையம் அப்படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதில் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அதே பிரசாரத்துக்காக, ஆய்வுக் கூடங்களில் பணிபுரியும் மெய்யான பெண்கள் தம் வேலையைப் பற்றித் தம் வாயாலேயே பேசும் சிறு படங்களையும் அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். ஆரவாரமற்ற படங்கள். பகட்டான ஒன்று மூட்டிய தீயின் புகையில் அவை கண்ணுக்குத் தெரியாமற் போயின.

இப்படிச் சறுக்கியவர்கள் ஐரோப்பியர் மட்டும் அல்லர். 1992இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பேசும் பார்பி பொம்மைகளுள் சில, கணக்குப் பாடம் கடினமானது என்று வாய் திறந்து சொல்லின. கண்டனம் எழுந்தபின் அந்த வாக்கியத்தை நீக்கினார்கள். அதற்குப் பரிகாரம்போல, பார்பி கணினிப் பொறியாளர் ஆவதாக ஒரு சிறுவர் நூல் 2010இல் வந்தது. 2014இல்தான் பலரும் அதனை ஊன்றிப் படித்தார்கள்போலும்! நூலில் பார்பி படம் வரைகிறாள், யோசனை சொல்கிறாள். விளையாட்டை உண்மையில் கணினியில் ஆக்கித் தருவதற்கு இரண்டு ஆண்பிள்ளைகளின் துணை வேண்டியிருக்கிறது. அவள் கணினியில் தொற்றிக்கொண்ட கிருமியை நீக்கவும் அவர்களே வர வேண்டியிருக்கிறது. நிறுவனத்தார் மன்னிப்புக் கேட்டு நூலை விலக்கிக்கொண்டார்கள். 2015இல் மற்றொரு பெரிய கணினி நிறுவனம், முடி உலர்த்தும் கருவியைப் பிரித்து மேய்ந்து பொறியியலுக்கு வாருங்கள் என்று பெண்களை அழைத்தது. அதுவும் திரும்பப் பெறப்பட்டது. பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம், பயன் சிறிது.

இவர்களெல்லாம் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று நாம் கருதவில்லை. அவர்களுடைய கவலை மெய்யான கவலை. அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்து ஆராய்ச்சியாளருள் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அதற்கும் முன்பாக, சிறு பிள்ளைகளின் உள்ளத்திலேயே விஞ்ஞானி என்றால் ஆண் என்னும் சித்திரம் பதிந்துகிடந்தது. சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, விஞ்ஞானி ஒருவரை வரையச் சொன்னார். 1983இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, படம் வரைந்த பிள்ளைகள் 4,807 பேர். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர்! அந்த 28 பேரும் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை ஒருவன்கூடப் பெண்ணை வரையவில்லை.

நிலைமை பிற்காலத்தில் மாறாமல் இல்லை. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2018இல் வெளியிட்டார்கள். 1980களுக்குப் பின் வரையப்பட்ட படங்களில் சராசரியாக நூற்றுக்கு 28 பெண் உருவங்கள். ஆயினும் அதே திரட்டில் மற்றொன்றும் தெரிந்தது. ஆறு வயதுப் பெண்பிள்ளைகளுள் பெரும்பாலோர் பெண்ணையே வரைந்தார்கள். பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஆணை வரைந்தார்கள். இடைப்பட்ட பத்தாண்டுகளில் வீடும் பள்ளியும் நூல்களும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, சித்திரம் தவறென்றால், அழகும் அலங்காரமும் உள்ள பெண் விஞ்ஞானியைக் காட்டி அதனை மாற்றலாமே என்று தோன்றுவது இயல்பு. படம் எடுத்தவர்களும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். அந்த 2012ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலார் இருவர் இதனைச் சோதித்து எழுதினார்கள். நடுநிலைப்பள்ளி மாணவியரிடம், விஞ்ஞானத்தில் சிறந்து விளங்கும் பெண்களைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்த குறிப்புகளில் அப்பெண்கள் ஒப்பனையும் இளஞ்சிவப்பு உடையுமாக இருந்தார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தவற்றில் அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. ஒப்பனைப் பெண்களைப் பற்றிப் படித்த மாணவியருக்குக் கணக்கில் இருந்த ஆர்வமும், தம் திறமையில் இருந்த நம்பிக்கையும் மற்றவர்களைக் காட்டிலும் குறைந்தே காணப்பட்டன. இது ஓர் ஆய்வு. இதனையே முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஏற்கெனவே ஒரு சுமை கனமாகத் தெரிகிற பிள்ளையிடம், ‘இதோடு இதையும் சேர்த்துத் தூக்கு’ என்று சொன்னால் அவள் பின்வாங்கத்தானே செய்வாள்?

இவ்விடத்தில், நாம் ஓதிய பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் வாசகர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும்.

கல்வியைத் தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்னும் கருத்துடைய நபிமொழியை அறியாத வீடு நம்மிடையே இல்லை. நம் கூட்டங்களில் அதனை ஓதுகிறவர்கள் பெரும்பாலும் இறுதியில் ‘வ முஸ்லிமத்தின்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஓதுவார்கள்; ‘முஸ்லிமான பெண்மீதும்’ என்று அதற்குப் பொருள். இச்சொல்லைப் பற்றி ஹதீதுக் கலை வல்லார் இமாம் ஸகாவீ (ரஹ்) தமது ‘அல்மகாஸிதுல் ஹஸனா’ என்னும் நூலில் கூறியிருப்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அச்சொல் எந்த அறிவிப்பாளர் தொடரிலும் வரவில்லை. நூலாசிரியர் சிலர் சேர்த்துக்கொண்டது. ஆனால் கருத்து சரியானதே என்பது அவர் கூற்றின் சாரம்.

சொல் இல்லாமலே கருத்து எப்படிச் சரியாகும்? அரபு இலக்கணம் விடை சொல்கிறது. ‘முஸ்லிம்’ என்னும் சொல் வடிவத்தால் ஆண்பாலாயினும், விலக்குவதற்குச் சான்று இல்லாதவரை பெண்ணையும் தன்னுள் அடக்கும். அவள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். அன்பின் மிகுதியால் ஒரு சொல்லைச் சேர்த்தவர், தம்மை அறியாமலே, அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பிறகு வரவேற்றவர் ஆகிறார்.

நம் தமிழிலும் இதுவே நடக்கிறது. ‘விஞ்ஞானி’ என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘அறிஞர்’ பொது, ‘ஆசிரியர்’ பொது. இருந்தும் நாம் ‘பெண் விஞ்ஞானி’ என்று எழுதுகிறோம். ‘ஆண் விஞ்ஞானி’ என்று எந்த ஏட்டிலாவது படித்ததுண்டா? உதட்டுச் சாயக் குச்சியை எழுத்தாக நிறுத்திய ஐரோப்பியரும் இதனையே படத்தால் செய்தார்கள். இது பெண்பிள்ளைகளின் காரியம் என்று உரத்துக் கூவியதன் உட்கிடை, இதுவரை அது அவர்களுடைய காரியமாக இருக்கவில்லை என்பதுதான்.

இங்கே கற்றறிந்த வாசகர் ஒருவர் நம்மை இடைமறிக்கக்கூடும். உம்மு ஸலமா (ரலி) அவர்கள், ஆண்கள் குறிப்பிடப்படுவதுபோல் பெண்களாகிய நாங்கள் குறிப்பிடப்படாதது ஏன் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டதாகவும், அதன் பின்னரே அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அருளப்பெற்றதாகவும் அறிவிப்பு இல்லையா? அவ்வசனத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே சொல்லப்படவில்லையா? சொல் பொதுவானது என்று இலக்கணம் பேசி அந்தப் பெருமாட்டியின் வினாவை ஒதுக்கிவிட முடியுமா?

நியாயமான தடை. நாமே பல நாள்கள் இதனைச் சிந்தித்ததுண்டு. பொதுச் சொல்லுக்குள் இருக்கிறாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், 4,807 படங்களில் 4,779 ஆண்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். பெண்ணை வெளிப்படச் சொல்வது தேவையே. ஆனால் அத்திருவசனம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். பத்துப் பண்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஆண்களுக்கு ஒரு முறை, பெண்களுக்கு ஒரு முறை. வாய்மை என்றால் இருவர்க்கும் அதே வாய்மை. பொறுமை என்றால் அதே பொறுமை. பெண்ணுக்கென்று சற்று இலேசாக்கிய ஒரு வாய்மையோ, மெருகிட்டு இனிப்பாக்கிய ஒரு பொறுமையோ அங்கே கிடையாது. பத்து முறை பிரித்துச் சொன்னபின், கூலியைச் சொல்லும் இடத்தில் ‘லஹும்’ என்னும் ஒரே பிரதிப்பெயரால் இரு சாராரும் மீண்டும் ஒன்றாக்கப்படுகிறார்கள். பெயரைத் தனியே சொல்லலாம். அளவுகோலைத் தனியே வைக்கலாகாது. அந்தக் குறும்படம் பெண்ணின் பெயரைச் சொல்லி, அளவுகோலை மாற்றிவிட்டது.

ஊரார் குற்றத்தை இவ்வளவு எழுதிய நாம் நம் குற்றத்தையும் எழுதாவிட்டால் இக்கட்டுரை அரைக் கட்டுரையாகிவிடும்.

எங்கள் பகுதியிலுள்ள ஒரு பெண்கள் பள்ளியில் ஆண்டுதோறும் விஞ்ஞானக் கண்காட்சி நடக்கும். சிறப்புரை ஆற்ற நம்மை அழைப்பது பல்லாண்டு வழக்கம். நம்மிடம் அதற்கென்று ஒரு சொற்பொழிவு உண்டு. நல்ல வரவேற்புப் பெற்ற சொற்பொழிவு. சமையலறையே முதல் பரிசோதனைக் கூடம் என்று தொடங்குவோம். பால் உறைவதும் மாவு புளிப்பதும் இரசாயனமே என்போம். படித்த தாயின் மடியே பிள்ளையின் முதற் பள்ளி என்போம். நம் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆடவரிடம் மருத்துவம் பார்க்க நேராதிருக்கப் பெண்பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று முடிப்போம். தாய்மார்கள் தலையசைத்துக் கேட்பார்கள்.

சென்ற ஆண்டு உரை முடிந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தபோது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அருகில் வந்தாள். வானத்துக் கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் பொறி ஒன்றை மிதிவண்டிச் சங்கிலியால் செய்து வைத்திருந்தவள் அவள். “ஹஜ்ரத், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றாள். “கேளம்மா” என்றோம். “பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் சமையலறையைப் பத்தித்தான் பேசுவீங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தோம், பதில் இல்லை. ஆண்கள் பள்ளியில் நாம் ஆற்றும் உரை வேறு. அங்கே இப்னுல் ஹைஸம் வருவார். ஒளி எப்படிக் கண்ணுக்குள் வருகிறது என்று விளக்குவோம். அல்பீரூனி வருவார், மலை உச்சியில் நின்று அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறதென்று கோணம் அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட வரலாற்றைச் சொல்வோம். ஒரே கலையைப் பற்றி இரு பள்ளிகளில் பேசி, ஒரு பள்ளிக்கு வானத்தையும் மற்றொன்றுக்கு அடுப்பையும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இல்லம் திரும்பி நம் மகளிடம் இதனைச் சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, “நீங்க மட்டுமா அத்தா? ஐரோப்பாவே இதைத்தான் செஞ்சது” என்று தன் கைப்பேசியில் எடுத்துக் காட்டியதுதான் மேலே விவரித்த குறும்படம். அவள் கல்லூரியில் சேரும் காலத்தில் இயற்பியல் கேட்டாள். பெண்பிள்ளைக்கு ஏற்ற விஞ்ஞானம் என்று சொல்லி மனையியலில் சேர்த்தவர் நாமே. மனையியல் தாழ்ந்த கலையன்று. அவள் அதிலே நன்றாகத் தேறினாள். இன்று பிறருக்குக் கற்பிக்கிறாள். ஆனால் அவள் கேட்டது அதுவன்று. படம் ஓடி முடிந்தபின் நாங்கள் இருவரும் அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

நம் சொற்பொழிவின் இறுதிப் பகுதியை மட்டும் சற்றுத் தாங்கிப் பேச வேண்டியிருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்னும் வாதம் வெறும் மேடை அலங்காரம் அன்று. அது உயிர்ப்பலியில் பிறந்தது. நாம் ஓதிய வேலூர் நகரம் இதற்குச் சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இளம்பெண்ணாக அப்பக்கம் வந்திருந்த ஐடா ஸ்கடரின் வாசலுக்கு ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்தார்கள். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தார்கள். மருத்துவரான ஐடாவின் தந்தை வரச் சித்தமாயிருந்தும், ஆடவரை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் மாண்டார்கள். அவர்களுள் ஒருத்தி நம் சமுதாயத்தவள். அதனாலேயே அவர் மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியை வேலூரில் தொடங்கினார். இந்த வாதத்தால் கல்லூரிப் படி ஏறிய முஸ்லிம் பெண்கள் பலர். அதனை நாம் கைவிடச் சொல்லவில்லை.

ஆயினும் அது ஒரே ஒரு கதவைத்தான் திறக்கிறது. அந்தக் கதவும் பிறருக்குத் தேவைப்படுவதால் திறக்கப்படுகிறது. நோயாளிப் பெண்ணுக்காக இவள் படிக்க வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் படிக்க வேண்டும். அடுப்படிக்காகப் படிக்க வேண்டும். சங்கிலியை வைத்துக் கோள்களை ஓட்டிக் காட்டியவள் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டால் நம் சொற்பொழிவில் விடை இல்லை. அல்பீரூனிக்கு அந்த வினாவை எவர் விடுத்தார்?

மற்றொரு பழக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம். பெண்களுக்கு ஊக்கமூட்ட என்று, பத்தாம் நூற்றாண்டில் ஹலபு நகரில் அஸ்தர்லாபு என்னும் வானளவைக் கருவி செய்த ‘மர்யம் அல்இஜ்லிய்யா’வின் சித்திரத்தை இப்போது பல இடங்களில் மாட்டுகிறார்கள். மூலநூலான இப்னுந் நதீமின் ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்ன சொல்கிறது? இஜ்லீயின் மகள், ஸைஃபுத் தௌலாவிடம் இருந்தவர், இன்னாரின் மாணவி என்று ஒரு வரி. மர்யம் என்னும் பெயரே அங்கில்லை. பெயரும் முகமும் சாதனைப் பட்டியலும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. கருவி செய்வோர் வரிசையில் ஆண்களுக்கு நடுவே, அதே தொழிலுக்காக, ஒரு பெண் குறிக்கப்பட்டிருக்கிறார் என்னும் அந்த ஒற்றை வரி நமக்குப் போதாதா? சேர்த்தெழுதும் ஆசை நம்மைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மெய்யான ஊக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு மர்யம் மீர்ஸாகானீயின் வாழ்விலிருந்து சில செய்திகளைச் சொல்லலாம். 1977இல் தெஹ்ரானில் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோது கதாசிரியை ஆகவேண்டும் என்பதே அவர் கனவு. கணக்கில் பற்று இல்லை. நடுநிலைப்பள்ளியில் ஒரு கணித ஆசிரியை இவருக்குத் திறமை இல்லை என்று எண்ணிவிட்டதால் இருந்த சிறு ஆர்வமும் போயிற்று. அடுத்த ஆண்டு வாய்த்த ஆசிரியையால் அது திரும்பியது. பள்ளியில் கற்றுவந்ததையெல்லாம் இவரிடம் சொல்லிக்கொண்டிருப்பது அண்ணனின் வழக்கம். ஒன்றிலிருந்து நூறு வரையுள்ள எண்களை நொடிப்பொழுதில் கூட்டிய சிறுவன் காஸின் கதையை அவர்தாம் சொன்னார். அந்த விடையின் அழகே தம்மை முதன்முதலில் மயக்கியது என்று பிற்காலத்தில் மர்யம் நினைவுகூர்ந்தார். அண்ணன் தங்கையிடம், பெண்களும் கணிதம் படிக்கலாம் என்று உபதேசிக்கவில்லை. கணக்கைச் சொன்னார்.

பின்னர் உயர்நிலைப்பள்ளியில், மர்யமும் தோழி ரோயா பெஹெஷ்தீயும் ஒலிம்பியாடு கணிதப் போட்டியின் வினாத்தாள் ஒன்றைப் பெற்றார்கள். சிலவற்றைத் தீர்க்க முடிந்தது, ஆவல் மூண்டது. தலைமை ஆசிரியையிடம் சென்று, ஆண்கள் பள்ளியில் நடப்பதுபோன்ற வகுப்புகள் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஈரானிய அணியில் அதுவரை பெண் ஒருவரும் சென்றதில்லை. முதல் ஆளாக நீங்களே இருந்தாலும் உங்களால் முடியும் என்னும் உறுதியோடு அந்த அம்மையார் வகுப்புகளை ஏற்பாடு செய்தார். பெண்களுக்கென்று எளிதாக்கிய வகுப்புகள் அல்ல. ஆண்களுக்கு நடந்த அதே வகுப்புகள். இருவரும் அணியில் சேர்ந்தார்கள். 1994இல் மர்யம் பெற்றது 42க்கு 41 புள்ளிகள், தங்கப் பதக்கம். மறு ஆண்டு 42க்கு 42. 2014இல் கணிதத்தின் தலையாய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1936 முதல் வழங்கப்பட்டுவந்த அப்பதக்கத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. 2017இல், 40ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார்.

அவர் ஆய்வு செய்யும் முறையும் குறிப்பிடத்தக்கது. பெரிய தாள்களைத் தரையில் விரித்து, குனிந்தமர்ந்து, ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார். சிறுமியான அவர் மகள் அதைப் பார்த்து, அம்மா ஓவியம் தீட்டுகிறார் என்பாளாம். ஐரோப்பிய ஆணையத்தார்க்கு ஒரு நிமிடப் படம் வேண்டியிருந்தால் இதனை எடுத்திருக்கலாம்.

இவ்வாண்டும் அப்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய சொற்பொழிவை எடுத்து வைத்துக்கொண்டு அடித்தோம். சமையலறை போயிற்று, தாயின் மடி போயிற்று. மருத்துவப் பகுதியைச் சுருக்கி வைத்துக்கொண்டோம். எஞ்சியது அரைப்பக்கம். ஆகவே கரும்பலகை ஒன்று கேட்டு வாங்கி, ஒன்று முதல் நூறு வரை கூட்டும் அந்தக் கணக்கை எழுதினோம். ஒன்றும் நூறும் 101, இரண்டும் தொண்ணூற்றொன்பதும் 101, இப்படி ஐம்பது இணைகள், ஆக 5,050. அரங்கத்தில் சிறிது நேரம் ஓசையில்லை. பின் வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். ஏழாம் வகுப்புக்கு மேல் இராது.

“ஹஜ்ரத், நூத்தொண்ணு வரைக்கும் கூட்டச் சொன்னா நடுவுல ஒண்ணு ஜோடியில்லாம நிக்குமே, அதை என்ன செய்யறது?”

அதற்கு நாம் ஆயத்தமாகச் சென்றிருக்கவில்லை. சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டினோம். மேடையேறி வந்து, 51ஐ எழுதி வட்டமிட்டு, ஐம்பது இணைகளையும் பெருக்கிக் கூட்டி 5,151 என்று எழுதுவதற்குள், முன்வரிசையில் நான்கைந்து பேர் அவளுக்கு முந்தியே விடையைக் கூவிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் விடை அதுதான், ஆனால் இணை சேர்க்காமலே வேறு வழியிருக்கிறது என்று வாதாடத் தொடங்கினாள். தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டிருந்தது.